குழவிக்கு வந்த மூளை வீக்கம்

நவராத்திரிச் சுண்டலை வேண்டாம் என்று கைகூப்பி மறுத்த ஊரை யாராவது பார்த்ததுண்டா? போன வருஷம் சின்ன காஞ்சிபுரத்தில் அது நடந்தது. கொலு வைத்த வீடுகளில் கொண்டைக்கடலை அண்டா அண்டாவாக மிஞ்சியது. மாடுகள் கொழுத்தன. மனிதர்கள் பருப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, "மூளை லேசா இருக்குதுபா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். லேசாகத்தான் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

எல்லாம் நியூரோ சித்தர் புரதானந்தரின் அருள்.

தெருமுனை தோறும் அவருடைய பேனர். மேலே வெள்ளைக் கோட்டு, கீழே காவி வேட்டி. விஞ்ஞானம் இடுப்போடு முடிந்து, ஆன்மிகம் அங்கிருந்து ஆரம்பமாகும். கழுத்தில் ருத்திராட்சமும் ஸ்டெதஸ்கோப்பும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். உற்றுப் பார்த்தால் அது முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் வைரஸ் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'மறதியா? மந்தமா? மூளையில் தங்கிய வைரஸ் புரதம் பட்டு நூலால் உறிஞ்சி எடுக்கப்படும். மூன்றே அமர்வு.'

இத்தனைக்கும் மூலம் ஒரு செய்தித் துணுக்கு. வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகும் அந்த வைரஸின் புரதம் சிலருடைய உடம்பில் தங்கி, மூளையில் அழற்சியை உண்டாக்கி, நினைவாற்றலைப் பாதிக்கலாம், ஆராய்ச்சி நடக்கிறது என்று யாரோ ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். அது வாட்ஸ்அப்பில் மூன்று தெரு தாண்டுவதற்குள் 'சிலர்' எல்லோரும் ஆனார்கள். 'பாதிக்கலாம்' என்பது 'பாதித்துவிட்டது' ஆயிற்று. 'ஆராய்ச்சி நடக்கிறது' என்ற வரி வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.

உடனே ஊருக்கே மறதி வந்தது. கல்யாண நாளை மறந்த கணவன்மார், "நான் இல்லடி, புரதம்" என்றார்கள். கணக்கில் பதினோரு மார்க் வாங்கிய பெண், அப்பாவின் கையைப் பிடித்து வரிசைக்குத் தானே இழுத்துவந்தாள். தேர்தலில் கொடுத்த வாக்குறுதியை மறந்துபோன வார்டு பிரமுகர் ஒருவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். சிகிச்சைகூட அவருக்கு அவசரமில்லை; சான்றிதழ் மட்டும் உடனே வேண்டுமாம்.

சித்தர் முகாம் போட்டிருந்த கல்யாண மண்டபத்து வரிசையில், நூற்று நாற்பத்தேழாம் டோக்கனைக் கையில் கசக்கிக்கொண்டு அம்சவேணி நின்றாள். அவளுக்கு இது வேடிக்கை இல்லை.

இருபத்தெட்டு வருஷமாகத் தறியில் உட்காருகிறவள். சேலையில் ஒரு வரிசை மாங்காய்ப் புட்டாவுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே இத்தனை இழை என்பது அவள் காகிதத்தில் எழுதி வைக்கிற விஷயமே இல்லை. பேசிக்கொண்டே நெய்வாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே நெய்வாள், இழை தப்பாது. அந்தக் கணக்குதான் இரண்டு மாதம் முன்பு தப்பியது. நெய்ததைப் பிரித்துப் பார்த்தால், ஒரு விரல் அகலத்துக்குள் இரண்டு வரிசை மாங்காய்கள் பேருந்தில் நிற்பது மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அம்சவேணி அழவில்லை. பயந்தாள். அவள் அம்மா லோகாம்பாளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் உப்பு, பிறகு சாவி, பிறகு தெரு. கடைசி இரண்டு வருஷம், சோறு ஊட்டிய மகளைப் பார்த்து, "யாருமா நீ? எங்கேர்ந்து வர்ற?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஜீவிதா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"தைராய்டு ரொம்பக் கம்மியா இருக்குதுமா. மறதி, சோர்வு, குளிர் எல்லாமே இதனால வரும். காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட விடாதீங்க."

"இவளுக்குக் காய்ச்சல் வந்து போனதால மூளைல புரதம் தங்கியிருக்குதுன்றாங்களே, மேடம்" என்றான் கணவன் பரமசிவம்.

"இருக்கலாம். ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்க. ஆனா அதை இங்க அளந்து பார்க்கவும் வழி இல்ல, எடுக்கவும் வழி இல்ல. தைராய்டுக்கு வழி இருக்குது. முதல்ல அதைச் செய்வோம்."

வெளியே வந்ததும் பரமசிவம் உதட்டைப் பிதுக்கினான். "இவ்ளோ படிச்சுட்டு 'இருக்கலாம்'ன்றாங்க. அவரு பாரு அம்சா, 'இருக்குது'ன்றாரு. அடிச்சு சொல்றாரு."

டாக்டர் செய்த தப்பு அதுதான். தெரியாததைத் தெரியாது என்றார். நம் ஊரில் அப்படிப் பேசினால் எவன் மதிப்பான்?

முதல் அமர்வு. புரதானந்தரின் உதவியாளன் லோகேஷ் காதோடு ஒட்டிய மைக்குடன், சிவப்பு மூடி போட்ட டப்பாவிலிருந்து ஒரு நூல்கற்றையை எடுத்துக் கொடுத்தான். மங்கலான வெள்ளை. சித்தர் அதை அம்சவேணியின் நெற்றியைச் சுற்றிக் கட்டினார். மூன்று நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு நூலை அவிழ்த்து, மூலிகை உப்பு போட்டுக் கொதிக்கிற செப்புக் கிண்ணத்தில் போட்டார். அது அரைமணி நேரம் கொதிக்க வேண்டும். அந்த அரைமணி நேரமும் அருளுரை.

"சாமிக்கு ஏன் பட்டு சாத்தறோம்? கல்யாணத்துக்கு ஏன் பட்டு கட்டறோம்? பட்டுக்கு ஈர்க்கிற சக்தி இருக்குது. இது உங்க ஊரு சக்தி. உங்க அருமை உங்களுக்கே தெரியல."

மண்டபம் கை தட்டியது. தன் ஊர்ச் சரக்கைப் புகழ்ந்தவனிடம் சந்தேகம் கேட்க யாருக்குத்தான் மனசு வரும்?

அரைமணி கழித்துக் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார்கள். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கி, கஞ்சி மாதிரி கொழகொழவென்று நுரைத்திருந்தது.

"பார்த்துக்கங்க" என்றார் சித்தர். "இதுதான் உங்க மூளைல இருந்துச்சு."

அம்சவேணி தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு கசடை வைத்துக்கொண்டா இத்தனை நாள் நெய்தேன்?

"மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறியாமா?"

"தைராய்டுக்கு, சாமி."

"அதான். மாத்திரைதான் புரதத்துக்குத் தீனி. உண்டியல்ல போட்டுடு. பருப்பு, முட்டை, கடலை தொடாதே. புரதம் தின்னா புரதம் வளரும்."

மேடை ஓரத்தில் கண்ணாடி உண்டியல் ஒன்று இருந்தது. சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை, இதய மாத்திரை எல்லாம் கலர் கலராக, கடைத்தெரு மிட்டாய் ஜாடி மாதிரி நிறைந்திருந்தன. அம்சவேணி தயங்கினாள். பரமசிவம் அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் போட்டுவிட்டான். அவன் சட்டையில் அதற்குள் 'நினைவுத் தொண்டர்' என்று பேட்ஜ் குத்தியிருந்தார்கள்.

காணிக்கை போக, கசடை ஒரு சின்ன பாட்டிலில் அடைத்துக் கையில் கொடுத்தார்கள். அது சாமி படத்துக்குப் பக்கத்தில் அலமாரியில் ஏறியது. பரமசிவம் அதற்குக் குங்குமமும் வைத்தான்.

பதினைந்து நாள் கழித்து இரண்டாவது அமர்வு. இரண்டாவது பாட்டில். "மாத்திரை சாப்பிட்ட பாவம் இன்னும் வருது" என்றார் சித்தர். மூன்றாவது அமர்வில் தண்ணீர் பளிங்காக நிற்கும் என்று வாக்குக் கொடுத்தார். அப்படித்தான் எல்லோருக்கும் நின்றது. தண்ணீர் தெளிந்தவர்கள் மேடையிலேயே விழுந்து கும்பிட்டார்கள்.

ஆனால் அம்சவேணிக்கு நாளுக்கு நாள் மோசமானது. நல்ல வெயிலில் போர்வை கேட்டாள். குரல் கட்டியது. பகலில் தறிமேலேயே தலை சாய்த்துத் தூங்கினாள். விழித்தால் கையில் ஊடுநூல் ஓட்டுகிற எந்த நாடா இருக்கிறது, எந்த மிதியில் கால் வைப்பது என்று ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை.

ஒரு சாயங்காலம் வாசலில் ஒரு பெண், தோளில் சாயம் போட்ட பட்டு நூல் சிட்டங்களோடு வந்து நின்றாள். அம்சவேணி அவளைப் பார்த்தாள். முகம் தெரிந்தது. வாயில் பெயர் வரவில்லை.

"என்னக்கா, அப்படிப் பார்க்குற? கலை. கலையரசி."

ஐயம்பேட்டையிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து சாயப்பட்டறையில் வேலை செய்கிறவள். பதினாறு வருஷமாக இந்த வீட்டுக்கு நூல் கொண்டுவருகிறவள். அம்சவேணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவின் குரல் காதில் கேட்டது. யாருமா நீ?

கலையரசி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனவள், அலமாரியைப் பார்த்து நின்றாள்.

"இன்னாக்கா இது, குங்குமம் வெச்ச பாட்டிலு?"

"என் மூளைல இருந்த புரதம்."

கலையரசி மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு சொட்டை விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். இன்னொரு சொட்டைத் தேய்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, சாமி சமாச்சாரத்துல என்ன சிரிப்பு?" என்று பரமசிவம் பேட்ஜைச் சரிசெய்தான்.

"அண்ணே, இது மூளைன்னா எங்க பட்டறைச் சாக்கடைல தினம் ஆயிரம் மூளை ஓடுது. இது பட்டுப் பசைண்ணே. கச்சாப் பட்டைச் சோடாத் தண்ணில வேகவெச்சா கழண்டு வருமே, அது. பசை போனாத்தான் சாயம் ஏறும், பளபளப்பு வரும். பதினாறு வருஷமா இந்தக் கொழகொழப்பு என் கையை விட்டுப் போனதில்ல."

"நீ சாயம் போடுறவ. அவரு நியூரோ படிச்சவரு."

"நான் நியூரோ படிக்கல. சோடா படிச்சிருக்கேன்."

அம்சவேணி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபத்தெட்டு வருஷமா பட்டைத் தொடறேன் கலை. எனக்குத் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? உன் கைக்கு வெந்த பட்டுதானே வருது. சாயப்பட்டறைப் பக்கம் உங்காளுங்க எவனாச்சும் எட்டிப் பார்க்குறீங்களா? நாத்தம்னு மூக்கைப் பிடிச்சுக்கினு போறீங்க. அவன் அது தெரிஞ்சுதான் கடை விரிச்சிருக்கான்."

பட்டுக்குப் பேர்போன ஊரைப் பட்டை வைத்தே ஏமாற்ற ஒருவன் துணிந்தான் என்றால், அந்த ஊரில் எந்தக் கை எதைத் தொடாது என்று அவனுக்கு அத்துப்படியாகத் தெரிந்திருந்தது.

"அப்போ என் மறதி?"

"அது தைராய்டுக்கா. மாத்திரையை உண்டியல்ல போட்டதால இன்னும் முத்திப்போச்சு."

"எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சாகணும்" என்றாள் அம்சவேணி. "நாளைக்கு மூணாவது அமர்வு. வா."

மறுநாள் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. கலையரசி இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்தாள். துண்டில் சுற்றி, குரங்குக் குல்லாயைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள். கனத்த குழந்தை போலிருக்கிறது. இரண்டடிக்கு ஒரு தரம் இடுப்பை மாற்றினாள்.

"பேரு?" என்றார் சித்தர், அடுத்த டோக்கனைப் பார்த்தபடி.

"அபிநயா, சாமி. ரெண்டு வயசு. குல்லாயைக் கழட்டினா சளி பிடிச்சுக்கும்."

"ஞாபக சக்தி?"

"எதைச் சொன்னாலும் கல்லு மாதிரி இருக்குது சாமி."

சித்தர் குல்லாய்மேல் கை வைத்தார். கண்ணை மூடினார். "கொதிக்குது. உள்ளே புரதம் கொதிக்குது." சிவப்பு மூடி திறந்தது. நூல் குல்லாயைச் சுற்றியது. அரைமணி நேரம் பட்டின் பெருமை. கிண்ணம் கலங்கிக் கொழகொழத்தது.

"இந்த வயசுல இப்படி ஒரு வீக்கத்தை நான் பார்த்ததில்ல. ஆறு அமர்வு ஆவும்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சாமி" என்று கலையரசி குல்லாயை உருவினாள்.

உள்ளே அம்மிக்குழவி.

லோகேஷ் மைக்கை வாயிலிருந்து நகர்த்தினான். ஆனால் சித்தர் சாதாரண ஆளில்லை. உடனே இரண்டு கையையும் உயர்த்தினார்.

"பார்த்தீங்களா! கல்லுக்குள்ளயும் ஜீவன் இருக்குது. கல்லைக் கும்பிடற ஊருதானே இது? அதையும் வைரஸ் விட்டு வைக்கல!"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தலையாட்டியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு கை நீண்டு, குழவிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றியது. கலையரசி வாயைப் பிளந்து நின்றாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் அம்சவேணி மேடை ஏறினாள். போர்வையோடு, மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"சாமி, இன்னிக்கு எனக்கு மூணாவது அமர்வு. எனக்கு எந்த டப்பா?"

லோகேஷின் கை வழக்கம்போலப் பச்சை மூடி போட்ட இன்னொரு டப்பாவுக்குப் போயிருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத ரெண்டு தரம் சிவப்பு மூடி. மூணாவது தரம் பச்சை மூடி. வரிசைல நின்னு பார்த்துட்டேன், எல்லாருக்கும் அப்படித்தான். ரெண்டுலயும் அஞ்சஞ்சு நூல்கற்றை எடுத்துக் கலந்து வைங்க. யாரு தலைலயும் கட்ட வேணாம். கொதிக்கிறதுக்கு முன்னாடியே எது கலங்கும், எது கலங்காதுன்னு நான் சொல்றேன்."

"சக்தி நூலைத் தொடக் கூடாது" என்றார் சித்தர். குரல் கொஞ்சம் வேகமாக வந்தது.

"ஏன் சாமி, தெரிஞ்சவங்க பேரே ஞாபகம் வராதவ. என்ன சொல்லிடப் போறா?" என்று வார்டு பிரமுகர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. வேடிக்கை என்றால் நம் மக்கள் சித்தரைக்கூடக் காத்திருக்க வைப்பார்கள். பிரமுகரே நூல்களைக் கலந்தார்.

பரமசிவம் மேடைக்கு ஓடிவந்தான். "பார்த்துச் சொல்லிடுவா. கண்ணைக் கட்டணும்." சித்தரின் மானத்தைக் காப்பாற்றத் தன் தொண்டர் துண்டாலேயே மனைவியின் கண்ணை இறுகக் கட்டினான்.

அம்சவேணி முதல் நூலை எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினாள். நாடா மறந்துபோனது, மிதி மறந்துபோனது, பெயர் மறந்துபோனது. விரல் மறக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அந்த விரலுக்கு ஒரே ஒரு வழவழப்புதான் தெரியும். அதில்லாதது எதுவோ, அது வேகாதது.

"இது சொரசொரன்னு இருக்குது. கலங்கும். இது வெந்தது. கலங்காது. வெந்தது. வெந்தது. இது வேகல..."

பத்தையும் பிரித்து வைத்தாள். பத்துக் கிண்ணங்களில் போட்டார்கள். அரைமணி நேரம். இந்தத் தடவை அருளுரை இல்லை. பருப்பில்லாத வயிறுகள் மட்டும் அங்கங்கே சத்தம் போட்டன.

ஐந்து கிண்ணம் கஞ்சியானது. ஐந்து கிண்ணம் பளிங்காக நின்றது. அவள் சொன்னபடியே, ஒன்றுகூட மாறாமல்.

அம்சவேணி கண் கட்டை அவிழ்த்தாள். கலங்கிய கிண்ணம் ஒன்றைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "இது யார் தலைலயும் கட்டாத நூலு. அப்போ இது யாரு மூளைபா?"

யாரும் உரிமை கொண்டாட முன்வரவில்லை. பதினோரு மார்க் வாங்கிய பெண்தான் முதலில் சிரித்தாள். அவள் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கற்பூரம் ஏற்றியவர் குனிந்து ஊதி அணைத்தார். பரமசிவம் பேட்ஜைக் கழற்றி, எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

போலீஸ் வந்தது. "பேரு?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

நியூரோ சித்தர் நெற்றியைத் தடவினார். "ஞாபகம் இல்லைங்க."

லோகேஷுக்கு ஞாபகம் இருந்தது. "ராமராஜன் சார். வாலாஜாபாத்ல கச்சாப் பட்டு ஏஜென்ட்டா இருந்தாரு. வியாபாரம் படுத்துப்போச்சு."

"சாமிக்கு ரெண்டு வேளை பருப்பு போடுங்க சார்" என்றான் பரமசிவம். "ஞாபகம் வந்துடும்."

அன்றைக்கே டாக்டர் ஜீவிதா மண்டபத்துக்கு வந்து உண்டியலைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். கலந்துபோன மாத்திரையை யாரும் எடுக்கக் கூடாது, எல்லோரும் வந்து புதிதாக வாங்குங்கள் என்றார். மறுநாள் சுகாதார நிலையத்தில்தான் வரிசை. அம்சவேணி மறுபடி மாத்திரையைத் தொடங்கினாள். இரண்டு மாதத்தில் போர்வை பெட்டிக்குள் போனது. தை மாதம் தறியிலிருந்து இறங்கிய சேலையில் மாங்காய்கள் காற்று வாங்க இடம் விட்டு நின்றன. சிட்டத்தோடு வந்தவளைப் பார்த்து, "வா கலை, சாப்பிட்டியா?" என்று அவள் கேட்டபோது, கலையரசி முகத்தைத் திருப்பிக்கொண்டு, எண்ணி வைத்த சிட்டங்களையே மறுபடி எண்ணினாள்.

"அப்போ அந்தப் புரதம், மேடம்?" என்று பரமசிவம் இன்னும் விடவில்லை.

"இருக்கலாம்பா. இன்னும் பார்த்துக்கினுதான் இருக்காங்க" என்றார் டாக்டர். இந்தத் தடவை அவன் உதட்டைப் பிதுக்கவில்லை.

அந்தக் குழவி இப்போது மறுபடியும் அம்மிமேல் கிடக்கிறது. அதன் தலையிலும் நூல் கட்டினார்கள், அதற்கும் அதே கசடு வந்தது, அதற்கும் ஆறு அமர்வு எழுதினார்கள். நமக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். குழவியை யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் அது சாமியாரிடம் போகும். நாம் டோக்கன் வாங்கிக்கொண்டு நம் காலாலேயே போகிறோம். அடுத்த பேனர் எங்கோ அச்சாகிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்ததும் கால் கிளம்பினால், தலையையும் கூட அழைத்துப் போங்கள்.